உட்காரும் உரிமை: சுமைதாங்கிக் கல் முதல் ஊராட்சி நாற்காலி வரை



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சாதாரணமானதாகத் தோன்றலாம். பெஞ்சு, திண்ணை, நாற்காலி, பேருந்து நிழற்குடையின் பலகை: பொதுவிடத்தில் மனிதர்கள் உட்காரும் இடங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சாதி ஒடுக்குமுறையின் வரலாற்றை நாம் சில செயல்களைச் சுற்றி எழுதியிருக்கிறோம். தெருவில் நடப்பது, கிணற்றில் நீர் எடுப்பது, கோயிலுக்குள் நுழைவது, பிணத்தைக் கொண்டுபோவது. இவை ஒவ்வொன்றுக்கும் போராட்டம் உண்டு, தியாகிகள் உண்டு, சட்டம் உண்டு. உட்காருவது என்கிற செயலுக்கும் இவை எல்லாம் உண்டு. ஆனால் அதைத் தனியாக எடுத்து ஒரு வரலாறாக நாம் கோத்துப் பார்த்ததில்லை.

நடப்பவர் கடந்து போய்விடுவார். உட்காருபவர் தங்குகிறார். பக்கத்தில் இருப்பவரோடு ஒரே உயரத்தில், ஒரே பலகையில், அவர் முகத்தைப் பார்த்தபடி தங்குகிறார். சாதி என்பது உயரங்களின் ஒழுங்கு. யார் மேலே, யார் கீழே, யார் நிற்க வேண்டும், யார் சாய்ந்துகொள்ளலாம் என்பதை அது உடம்புக்குப் பழக்குகிறது. அதனால்தான் சாலையைத் திறந்துவிட்ட ஊர்கூட பெஞ்சைத் திறந்துவிடத் தயங்கியது.

திண்ணையும் சுமைதாங்கியும்

நம் ஊர்களில் பழைய உட்காரும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று திண்ணை, சாவடி, அரசமரத்து மேடை. தமிழ்ப் பண்பாட்டின் விருந்தோம்பலுக்கு அடையாளமாகத் திண்ணையைப் புகழ்ந்து எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தது, கதை பேச இடம் கொடுத்தது, பள்ளிக்கூடமாகவும் இருந்தது என்பார்கள். எல்லாம் சரி. எந்த வழிப்போக்கர், எந்தப் பிள்ளை என்று கேட்டால் அந்தப் புகழ்ச்சி நின்றுவிடும். ஊர்த் தெருவுக்குள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தவருக்குத் திண்ணை இருக்கை ஆகவில்லை. அது அவர் எதிரே நின்று பேச வேண்டிய உயரமாக இருந்தது. சாவடியில் பஞ்சாயத்து கூடும்போது வழக்குக்கு உரியவரே தரையில் குத்துக்காலிட்டோ கைகட்டி நின்றோதான் பதில் சொன்னார்.

இன்னொன்று சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி வைக்கலாம். ஓய்ந்தபின் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். சில இடங்களில் பக்கத்திலேயே உட்காரத் தாழ்வான கல்லும் இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது பல பகுதிகளில் வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்க முடியாமல் போனவளின் பெயரில், வழியில் போகிறவரின் சுமையை இறக்க ஒரு கல்.

சமூகவியல் மாணவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திண்ணை வீட்டு உரிமையாளரின் நிலையிலிருந்து கட்டப்பட்டது. சுமைதாங்கி உழைப்பவரின் உடம்பிலிருந்து அளவெடுக்கப்பட்டது. திண்ணைக்கு அனுமதி வேண்டும். சுமைதாங்கி ஊருக்கு வெளியே, பாதையோரம், யாருடைய வாசலிலும் இல்லாமல் நின்றது. சாலைகள் அகலமானபோது பல சுமைதாங்கிகள் பிடுங்கி எறியப்பட்டன. எஞ்சியவை இன்றும் அசையாமல் நிற்கின்றன. நீடித்து உழைக்கும் பொது இருக்கையை வடிவமைப்பது பற்றி நகரத் திட்ட வல்லுநர்கள் பேசும்போது, நம் மண்ணில் அதற்கு முன்மாதிரி இருக்கிறது என்று சொல்லலாம். திண்ணையை விட்டுவிட்டுச் சுமைதாங்கியிடம் போங்கள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோணிப்பையும் எரிந்த பெஞ்சும்

நவீன காலம் பெஞ்சைக் கொண்டுவந்தது. பள்ளி, நீதிமன்றம், ரயில் நிலையம், பேருந்து ஆகிய புதிய பொதுவிடங்களில் எல்லாருக்கும் ஒரே மாதிரி மரப்பலகை. கொள்கையளவில் அது சாதி அறியாத பலகை. சாதி அந்தப் பலகையோடு போட்ட சண்டைதான் இருபதாம் நூற்றாண்டின் வரலாறு.

அண்ணல் அம்பேத்கர் சதாராவில் பள்ளிக்குப் போனபோது வகுப்பறையில் உட்கார அவருக்குத் தனியாக ஒரு கோணிப்பை. அதை அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்து, மாலையில் அவரே எடுத்துச் செல்ல வேண்டும். பள்ளியைக் கூட்டுகிற பணியாளர்கூட அதைத் தொடமாட்டார். அந்தச் சிறுவனுக்கு அங்கே அனுமதி இருந்தது, பாடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார். இருக்கை மட்டும் இல்லை.

கேரளத்தில் மகாத்மா அய்யங்காளி, பஞ்சமி என்னும் புலையர் சிறுமியைக் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் பாதி கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. அண்மையில் அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. தென்னிந்தியாவில் நீடித்த இருக்கை எது என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கருகிய பெஞ்சைத்தான் சொல்வேன்.

தமிழ்நாட்டில் சட்டத்தின் பாதை வேறு. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடங்கள் எல்லார்க்கும் உரியவை என்றது. 1938-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சமூகத் தகுதியின்மைகள் நீக்கச் சட்டம் வந்தது. அது பொதுப் போக்குவரத்தையும் சேர்த்துக்கொண்டது. அதற்கும் முன்பே பேருந்தில் ஒரு போர் நடந்திருந்தது. ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வேன் என்று, இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் உத்தரவிட்டார். உரிமம் போய்விடும் என்றதும் இருக்கை கிடைத்தது. அறவுரையால் நகராதது உரிமத்தால் நகர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் என்று பட்டியலிடுகிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்து, 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகப் பெயர் மாறியது. இத்தனைக்கும் பிறகு, 2001-02-இல் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் நடத்தப்பட்ட ஆய்வு தேநீர்க் கடைகளில் தனிக் குவளையையும் தனி இருக்கையையும் பதிவு செய்தது. இரட்டைக் குவளை நமக்கு முழக்கமாயிற்று. அதன் இரட்டைப் பிறவியான பெஞ்சு முழக்கமாகவில்லை. குவளையைப் பேப்பர் கப்பாக மாற்றிக் கடைக்காரர் தப்பித்துக்கொண்டார். பெஞ்சு இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதில் யார் உட்காருகிறார், யார் கப்பை வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு நகர்கிறார் என்பதை ஒரு காலை நேரம் நின்று பார்த்தாலே போதும்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. சுவர் உலகச் செய்தியானது. அந்த ஊர்த் தலித் மக்கள் கேட்டவற்றில் பேருந்து நிழற்குடையும் ஒன்று என்பது பலருக்கு நினைவில் இல்லை. நிழற்குடை என்றால் ஊர்ச் சாலையைப் பார்த்தபடி நிழலில் கால்மேல் கால் போட்டு உட்காரும் இடம். சுவர் மறைக்கிறது, நிழற்குடை காட்டுகிறது. ஆதிக்கத்துக்கு இரண்டாவதும் உறுத்துகிறது.

நாற்காலி

73-ஆவது திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஒரு புதிய இருக்கையை உருவாக்கின: தனித்தொகுதி ஊராட்சியின் தலைவர் நாற்காலி. அதற்குக் கொடுத்த விலை நாம் அறிந்ததே. மேலவளவு முருகேசனும் அவரோடு ஐந்து தோழர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் திரும்பிவரும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை அந்த நாற்காலி காலியாகவே வைக்கப்பட்டது.

கொலையும் காலி நாற்காலியும் போனபின் மூன்றாவது வழி வந்தது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவர், ஒரு தலித் பெண், ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். வாக்கால் கிடைத்த பதவியை வாக்கால் பறிக்க முடியாதபோது உயரத்தால் பறிக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, பட்டியல் சாதித் தலைவர்கள் தேசியக் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. திருப்பத்தூர் மாவட்டத்தின் மலையூரான நாயக்கனேரியில் 2021 உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியின்றித் தேர்வான பெண் பதவியேற்க முடியாமல் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. பழங்குடியும் பட்டியல் சாதியும் ஒரே பலகையில் உட்காருவது தானாக நடந்துவிடாது. அதற்கும் உழைக்க வேண்டும் என்பதை நாம் நமக்குள்ளேயே பேசியாக வேண்டும்.

நிற்க வைக்கப்பட்ட உழைப்பு

சாதி மட்டுமா நிற்க வைத்தது? முதலாளியும் நிற்க வைத்தார். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்த பெண்கள், விஜி பெண்கூட்டின் வழிகாட்டலில் 'இரிக்கல் சமரம்' நடத்தினார்கள். இருப்பதற்கான, அதாவது உட்காருவதற்கான போராட்டம். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு, 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. அந்தக் கடைகளில் நின்றவர்கள் யார்? சென்னைக்கும் மதுரைக்கும் வேலை தேடி வந்த கிராமத்துப் பிள்ளைகள். நம் சேரிகளிலிருந்தும் மலைகளிலிருந்தும் போனவர்கள் அதில் உண்டு. சட்டம் வந்துவிட்டது. ஸ்டூல் வந்ததா என்று ஒவ்வொரு கடையிலும் பார்க்க வேண்டியது நம் வேலை.

உலகம் முழுவதும் ஒடுக்கப்பட்டோர் உட்கார்ந்தே போராடியிருக்கிறார்கள். 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்தார். 381 நாள் புறக்கணிப்பு தொடர்ந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் உணவுக் கடையின் வெள்ளையர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் பூங்கா பெஞ்சைக்கூட நிறத்தால் பிரித்தது. அது 1990-இல்தான் நீக்கப்பட்டது. கேப்டவுன் நீதிமன்றக் கட்டடத்தின் வெளியே, அந்தப் பழைய வாசகங்கள் எழுதிய இரண்டு பெஞ்சுகளை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். இன்று யாரும் அவற்றில் உட்காரலாம். நமக்கு அப்படி ஒரு நினைவுச் சின்னம் இல்லை. நம் பெஞ்சுகளில் வாசகம் எழுதப்பட்டதே இல்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கம்பி வைத்த பெஞ்சு

இப்போது நகரத்துக்கு வருவோம். பெருநகரங்களின் புதிய பேருந்து நிறுத்தங்களைப் பாருங்கள். குறுகலான, வழுக்குகிற ஸ்டீல் இருக்கை, வெயிலில் சுடும். பூங்கா பெஞ்சின் நடுவே ஒரு கம்பி; அது கையை வைப்பதற்கு அன்று, யாரும் படுத்துவிடாதிருக்க. மேம்பாலத்தின் அடியில் கூரான கற்கள். லண்டனின் கேம்டன் பகுதியில் 2012-இல் வைக்கப்பட்ட கான்கிரீட் பெஞ்சு இந்தச் சிந்தனையின் உச்சம்: படுக்க முடியாது, நெடுநேரம் உட்காரவும் முடியாது. வீடற்றவரையும் நாள்கூலியையும் விரட்டுவதற்கென்றே வடிவமைப்பு. சென்னையில் வீடற்றவர் யார், அதிகாலையில் கூலிக்கு நிற்பவர் யார், குடிசையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர் யார் என்று கேட்டால், கம்பி எந்தச் சாதியின் முதுகுக்காக வைக்கப்பட்டது என்பது புரியும். கம்பிக்குச் சாதி தெரியாது. அதை வைக்கிற நகரத்துக்குத் தெரியும்.

உடையாத பெஞ்சு என்பது வெறும் பொறியியல் கேள்வி அன்று. வசதியுள்ள வட்டாரத்தில் பெஞ்சு உடைந்தால் புதிது வரும். சேரியின் நிறுத்தத்தில் உடைந்தால் எடுத்துப் போய்விடுவார்கள். பிறகு அங்கே பெஞ்சு இருந்ததே மறந்துபோகும். ஆகவே பராமரிக்க ஆள் இல்லாத இடத்துக்குத்தான் மிக உறுதியான இருக்கை வேண்டும்.

நெல்லிவாசல்நாட்டிலிருந்து பார்க்கும்போது

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று ஊராட்சிகள். பெயரிலேயே 'நாடு' இருக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் ஊர்களைத் தாங்களே சேர்த்து ஆண்டுகொண்ட பழைய அமைப்பின் சுவடு அது. சாமை, புளி, பலா, தேன் ஆகியவற்றோடு கீழ்நாட்டுச் சந்தைக்கு இறங்கி வருகிற மக்கள். இவர்களுக்கு இருக்கை என்பது முதலில் வண்டியில் ஓர் இடம்.

2022 ஏப்ரல் 2 அன்று புதூர்நாட்டுப் பகுதியின் புலியூர் மக்கள் மலைக்கோயிலுக்கு ஒரு பிக்கப் வேனில் போனார்கள். வண்டி பள்ளத்தில் உருண்டு 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். சரக்கு ஏற்றும் வண்டியில் மனிதர்கள் ஏன் ஏறினார்கள் என்று கீழே இருந்தவர்கள் கேட்டார்கள். உட்கார்ந்து போக வண்டி இருந்தால் யார் நின்றுகொண்டு போவார்கள்?

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலை மக்களும் அவர்களில் உண்டு. பேருந்திலிருந்து பலரைப் பிடித்து இறக்கியபோது, ஒரு பெண்ணின் அருகில் உட்கார்ந்திருந்ததால் கண்ணில் படாமல் தப்பிய ஒருவர்தான் பின்னர் சாட்சி சொன்னார். ஒரு பேருந்து இருக்கை உயிருக்கும் சாவுக்கும் நடுவே நின்றது.

நகரத்தின் பொது இருக்கை எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நெல்லிவாசல்நாட்டிலிருந்து இறங்கி வரும் ஒரு மூதாட்டியை அளவுகோலாக வைத்துப் பதில் சொல்லிப் பார்ப்போம். தலையில் புளி மூட்டை. கூட ஒரு கைக்குழந்தை. திருப்பத்தூரில் திரும்பும் பேருந்துக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அவருக்கு முதலில் சுமையை இறக்க தோள் உயரத்தில் ஒரு கல் வேண்டும். புதிய நிழற்குடைகளில் ஏன் ஒரு சுமைதாங்கி இல்லை? அடுத்து, தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் பலகை. அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் வலிக்காரர் எழ முடியாது. சாய முதுகு, ஊன்றி எழ ஓரத்தில் கைப்பிடி. கைப்பிடி ஓரத்தில் இருந்தால் உதவி, நடுவில் இருந்தால் விரட்டல். பக்கத்தில் சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலத் திறந்த இடம் வேண்டும். மாற்றுத் திறனாளிகளைத் தனி மூலைக்கு அனுப்பாமல் பேச்சுத் துணையோடு வைக்கும் இடம் அது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை உரிமையாகத் தருகிறது. நடைபாதையில் நூறடிக்கு ஒன்றாவது உட்கார இடம் வேண்டும். பொருள்? ஸ்டீலைவிட நம் மலைகளின் கருங்கல் நீடிக்கும்; மேலே கூரையோ மரமோ இருந்தால் சுடாது; விளிம்பை மழுக்கி, தண்ணீர் வழியச் சிறு சரிவு வைத்தால் தலைமுறைகளைத் தாங்கும். பெண்கள் இருட்டியபின்னும் உட்கார வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் வேண்டும். 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்தது நல்லது. ஆனால் அறைக்குள் மட்டும்தான் தாய்க்கு இடம் என்று ஆகிவிடக் கூடாது.

முக்கியமாக, இருக்கை நீண்ட ஒரே பலகையாக இருக்க வேண்டும். தனித்தனிக் கிண்ண நாற்காலிகள் மனிதர்களைப் பிரிக்கின்றன. நீண்ட பலகையில் ஒருவர் வந்தால் மற்றவர் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். வட மாவட்டங்களில் நாம் சொல்லும் 'அப்படி நவுந்து குந்து' என்கிற அந்தச் சொல்லில் ஒரு சமத்துவப் பயிற்சி இருக்கிறது. சாதி அஞ்சுவது அந்த நகர்வைத்தான்.

செய்ய வேண்டியவை

தோழர்களே, மாணவர்களே, மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, உங்கள் ஊரின் உட்காரும் இடங்களைக் கணக்கெடுங்கள். டீக்கடை, ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், கோயில் மேடை, நிறுத்தம், துணிக்கடை. எத்தனை இருக்கை, என்ன உயரம், யார் உட்காருகிறார், யார் நிற்கிறார் என்று ஒரு நாள் முழுதும் எழுதுங்கள். குற்றச்சாட்டு மறுக்கப்படும், கணக்கை மறுப்பது கடினம்.

இரண்டு, கிராம சபை. ஆண்டுக்கு நான்கு முறை என்றிருந்தது இப்போது ஆறு முறை கூடுகிறது. சேரி நிறுத்தத்துக்கும் மலைப்பாதைக்கும் கருங்கல் இருக்கையும் நிழற்குடையும் வேண்டும் என்று தீர்மானமாக எழுதி வையுங்கள். அந்தச் சபையே எப்படி உட்காருகிறது என்பதையும் பாருங்கள். எல்லாருக்கும் பாய் என்றால் அதிகாரிக்கும் பாய். அதிகாரிக்கு நாற்காலி என்றால் எல்லாருக்கும் நாற்காலி.

மூன்று, சட்டம். பட்டியல் சாதி, பழங்குடித் தலைவருக்கு நாற்காலி மறுக்கப்படுவது மரியாதைக் குறைவு என்று பேசி முடிக்கப்படுகிறது. அது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்காக வேண்டிய அவமதிப்பு. சமரசம் பேசும் மேசைக்கு முன் நம் ஆள் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

கோணிப்பையில் உட்கார வைக்கப்பட்ட சிறுவன் இந்நாட்டின் அரசமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒருவரின் உயர்வு. நாம் கேட்பது நீண்ட பலகை. அதில் நெல்லிவாசல்நாட்டு மூதாட்டியும், துணிக்கடைப் பெண்ணும், தெற்குத்திட்டைத் தலைவரும், வீடற்றவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். யாரும் யாருக்காகவும் எழுந்து நிற்கத் தேவையில்லை. இன்னொருவர் வந்தால் நகர்ந்து இடம் கொடுத்தால் போதும்.

ஜெய்பீம்.